பாதி சாரும் பச்சைச் சட்னி சாண்ட்விச்சும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. ஐந்தும் சோற்றைக் குறை சொல்லாமல் தின்று வளர்ந்த பிள்ளைகள். குறை சொன்னால் தட்டு உள்ளே போய்விடும், அடுத்த வேளைக்குத்தான் வெளியே வரும். அப்படி வீட்டை நடத்தியவள் நான். அப்பேர்ப்பட்ட என்னையே இரண்டு துண்டு பிரெட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திய மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் பாதி சார்.

ஒன்று சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆவடியில் தொடங்கி அம்பத்தூர், கொரட்டூர் என்று சுற்றிப் பூந்தமல்லி வரைக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் சாண்ட்விச் அடுக்கி வைத்திருக்கிற கடைக்காரர்கள் சுகாதார அதிகாரியைப் பார்த்துக்கூட அவ்வளவு பயந்ததில்லை. பாதி சாரின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும். "தோ வந்துட்டாரு" என்று ஒருவர் சொல்வார், உள்ளே இன்னொருவர் பழைய தக்காளியை ஒளித்து வைப்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. செய்து வைத்த சாமான்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர். அளவு சரியாக இருந்தால் பச்சைப் பெயிண்ட், இல்லையென்றால் சிவப்புப் பெயிண்ட். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அளப்பதற்கு போல்ட்டும் நட்டும் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்தது சாண்ட்விச்.

ஆள் குள்ளம். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்ன எவர்சில்வர் ஸ்கேல் ஒன்று எட்டிப் பார்க்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் நுழைவார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். இத்தனை வருஷம் ஆவடித் தண்ணீர் குடித்தும் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சுதான்.

கொரட்டூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பேக்கரி. அந்தக் கடை சாண்ட்விச்சைப் பார்த்தால் படம் எடுத்து மாட்டலாம், அவ்வளவு அழகு. முக்கோணமாக வெட்டிய பக்கத்தில் தக்காளி, வெள்ளரி, பீட்ரூட் எல்லாம் வரிவரியாகத் தெரியும். பாதி சார் ஒன்று வாங்கினார். பஸ்ஸின் பானெட்டைத் தூக்குவதுபோல மேல் பிரெட்டைத் தூக்கினார். வெளியே தெரிந்த காய் எல்லாம் ஓரத்தில் மட்டும்தான். உள்ளே வெறும் மைதானம்.

"ஏம்ப்பா, வாசல்ல கோலம் மட்டும் பிரமாதமாப் போட்டு வச்சிருக்க. உள்ள வீட்டையே காணோமே?"

கடைக்காரர் விட்டாரா? "இன்னா சார், துன்றதுக்கு வாங்கினியா, ஆபரேஷன் பண்றதுக்கு வாங்கினியா? மூடி வாயில வை. ருசி தானா தெரியும்."

"சரி, நீயே ஒரு கடி கடி. நடுவுல மட்டும் கடிக்கணும். பல்லுல காய் பட்டுச்சுன்னா உன் பெட்டியில இருக்கிற அம்புட்டையும் நானே வாங்கிக்கிறேன்."

கடைக்காரர் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ரயிலுக்கு வந்தவர்கள் ரயிலை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் அவர் விழுங்கிவிட்டு, "டேய், நாளைலேர்ந்து நடுவுலயும் வைங்கடா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

இதெல்லாம் சரி, பாதி சார் என்று ஏன் பெயர் வந்தது? அவர் எங்கே போனாலும் ஒரு சாண்ட்விச்தான் வாங்குவார். ஸ்கேலை வைத்துக் கோடு பிடித்து நேர் பாதியாக வெட்டுவார். ஒரு பாதியைப் பக்கத்தில் நிற்கிறவர் கையில் கொடுத்துவிடுவார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே இல்லை. ஆட்டோக்காரர், பேங்க் வாட்ச்மேன், பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சர், யாராக இருந்தாலும் பாதி உண்டு. கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தையே இமைக்காமல் பார்ப்பார். அதுதான் தொல்லை.

அம்பத்தூரில் ஓர் ஆட்டோக்காரர் கையில் வாங்கிவிட்டு, "இன்னா நைனா, இதுல மயக்க மருந்து கீதா? நான் உயுந்ததும் வண்டிய ஓட்டிகினு பூடலாம்னு பாக்கிறியா?" என்று கேட்டார். "அதுக்கில்லப்பா, நீ சாப்பிடு, நான் பாக்கணும்" என்றார் இவர். இந்தப் பதிலைக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஆனாலும் பாதியைக் கீழே போடவில்லை. ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் சாண்ட்விச். பின்னாலேயே மொபெட்டில் துரத்திக்கொண்டு போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார் பாதி சார்.

சென்னீர்குப்பம் சிக்னலில் இன்னும் மோசம். வெயிலில் நின்ற டிராஃபிக் கான்ஸ்டபிளிடம் பாதியை நீட்டிவிட்டார். பாவம், அந்தப் பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை போலிருக்கிறது. கையைக் காட்ட மறந்து தின்றது. இவர் பார்த்தார். அது தின்றது. இவர் பார்த்தார். ஒரு பக்கத்து வண்டி பெங்களூர் வரைக்கும் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. காஞ்சிபுரம் வரைக்கும் நின்றிருக்கலாம்.

அவர் திணறிப்போன ஒரே இடம் அம்பத்தூரில் முறுக்குச் சாண்ட்விச் விற்கிற தள்ளுவண்டி. இரண்டு குட்டி முறுக்குக்கு நடுவில் தக்காளியும் வெள்ளரியும் வைத்துச் சட்னி தடவிக் கொடுக்கிறார்களே, அது. ஸ்கேலை வைத்தார். வெட்டினார். நொறுங்கி நாலாபக்கமும் சிதறிவிட்டது. "பாதி ஆகாத ஒண்ணு எப்படிம்மா சாண்ட்விச் ஆகும்?" என்று வண்டிக்காரப் பெண்ணிடம் கேட்டார். அவள், "அப்டியே முழுசா வாயில போடு தாத்தா. வாய் இன்னா வாடகைக்கா வாங்கிகினு வந்த?" என்றாள். அன்றைக்குப் பூராவும் அவர் யாரோடும் பேசவில்லையாம்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் கோயில் ஹாலில். எங்களவர்கள் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், பூசை முடிந்ததும் ஹாலில் வைத்துச் சின்ன அட்டைப்பெட்டி ஒன்று கொடுப்பது வழக்கம். ஒரு துண்டு கேக், கொஞ்சம் சிப்ஸ், ஓரம் வெட்டிய பச்சைச் சட்னி சாண்ட்விச். இது இல்லாமல் எந்தக் குழந்தையும் கிறிஸ்தவர் ஆனதில்லை. அந்தக் கூட்டத்தில் ஹெல்மெட்டோடு ஒருவர் வரிசையில் நின்றார். அழைக்காமல் வந்தவர்தான், ஆனால் கையை வீசிக்கொண்டு வரவில்லை. குழந்தைக்கு ஒரு சோப்பு டப்பா, வண்ணக் காகிதம் சுற்றி. அப்பா வீட்டார் அவரை அம்மா வீட்டு உறவு என்று நினைத்தார்கள். அம்மா வீட்டார் அப்பா வீட்டு உறவு என்று நினைத்தார்கள். போட்டோவில்கூட நின்றிருக்கிறார். பெட்டியைத் திறந்து சாண்ட்விச்சைப் பாதியாக வெட்டிப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு, சாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் பாதியை வாயில் வைத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார்.

இப்போது என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா என் கடைசி மகனின் மனைவி. அவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள் அதிகம். ஸ்டெல்லா துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி மூச்சிரைப்பு வந்துவிட்டது. படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். "இந்த வேலைய விட்டாத்தான் மூச்சு நிக்கும்" என்று டாக்டரம்மா சொன்னார்கள். மூச்சு நிக்கும் என்றால் சரியாகும் என்று அர்த்தம், நான்தான் முதலில் கேட்டு அலறிவிட்டேன்.

அதனால் பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு முன்னறையை உடைத்து ஷட்டர் போட்டாள். பார்சல் கடை. டீ, சாண்ட்விச், வேறொன்றும் இல்லை. ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்கள் நின்றால் கடை நிற்கும். இல்லையென்றால் மறுபடி அந்தப் பஞ்சுத் தூசிக்குள் போய் உட்கார வேண்டியதுதான். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம்.

நடக்கிறவர்கள் பாதி சார் நின்ற கடையில்தான் நிற்பார்கள். அவர் வாயால் எதுவும் சொல்வதில்லை. தின்று முடித்ததும் சுற்றிக் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் அந்தக் கடை பாஸ். குப்பைத் தொட்டியில் போட்டால் ஃபெயில். எதிர்ச் சாரியில் ஒரு பப்ஸ் கடை அந்த ஒரு மடிப்பிலேயே மாடி எடுத்துவிட்டது.

"அத்தே, அந்த பாதி சாரு நம்ம கடைக்கு வருவாரா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"வந்தா வரட்டும். நாம போயி வெத்தலபாக்கு வச்சா கூப்புட முடியும்? வேலயப் பாரு" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். ஆனால் ஒருவரிடம் போய் நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவரே வந்தார். நான் காலைப் பூசைக்குப் போய்விட்டுக் கையில் பையோடு அப்போதுதான் வந்து கடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா ஈர வெள்ளைத்துணியை விலக்கி ஒரு சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தாள். ஞானஸ்நானப் பெட்டியில் வருமே, அதே பச்சைச் சட்னி சாண்ட்விச்தான். அவர் பிரெட்டைத் தூக்கிப் பார்த்தார். வெண்ணெய் ஓரம் வரைக்கும் போயிருக்கிறதா என்று பார்த்தார். போயிருந்தது. ஓரம் வரைக்கும் வெண்ணெய் இல்லாவிட்டால் சட்னித் தண்ணீர் ஊறிப் பிரெட் சொதசொதவென்று ஆகிவிடும். ஸ்கேலை வைத்து வெட்டினார். திரும்பினார். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"அக்கா, பாதி சாப்பிடுறீங்களா?"

கடைக்கு வந்த ஆள் என்று என்னை நினைத்துவிட்டார். நான் கடைக்காரி மாமியார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், வீட்டு ஆளே தின்றுவிட்டு ஆகா ஓகோ என்று ஆடுகிறாள் என்று நடக்கிறவர்கள் சிரிப்பார்கள். வேண்டாம் என்றால், வீட்டு ஆளே தொடவில்லை என்பார்கள். வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். நம் வீட்டுப் பிள்ளை சமைத்ததை நாலு பேர் எதிரில் மெச்சிக்கொள்ளக் கூடாது. மெச்சினால் கண் படும், அதோடு அந்தக் கை விளங்காமல் போய்விடும். என் மாமியார் என்னை ஒருநாளும் மெச்சவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினால் அதுதான் மெச்சுவது. நானும் அப்படித்தான் ஸ்டெல்லாவை வைத்திருந்தேன்.

வாயில் வைத்தேன். முதலில் வெண்ணெய். அப்புறம் புதினா, கொத்துமல்லி. எலுமிச்சை நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், பச்சை மிளகாய் மெள்ள வந்து பின்னால் நின்றது. என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு சாண்ட்விச் போட்டதில்லை. இவ்வளவும் உள்ளே. வெளியே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்கிறார்களே.

பாதி சார் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். தன் பாதியைத் தின்று முடித்தார். காகிதத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மொபெட்டை உதைத்தார்.

நடக்கிறவர்கள் எல்லாரும் எதிர்ச் சாரிக்குப் போனார்கள்.

அன்றைக்குச் செய்ததை நாங்களே தின்றோம். மறுநாளும் நாங்களே தின்றோம். என் பேத்தி ஜெனி பள்ளிக்கூடத்துக்குச் சாண்ட்விச் கொண்டுபோய் வகுப்புக்கே பங்கு வைத்தாள். ஸ்டெல்லா வெட்டிய பிரெட் ஓரங்களைக் காயவைத்துத் தூளாக்கிக்கொண்டே இருந்தாள். அந்தத் தூள் டப்பாதான் நிறைந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்:

"அத்தே, கம்பெனி சூப்பர்வைசர் போன் பண்ணாரு. திங்கக்கெயம வர்றேன்னு சொல்லிட்டேன்."

"மூச்சு?"

"துணிய மூஞ்சில கட்டிக்கிறேன். இன்னா இப்போ?"

 ஈரத்துணியை விலக்கி ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். செருப்பைப் போட்டேன். யாரிடமும் போய் நிற்காதவள், விசாரித்துக்கொண்டு பாதி சார் வீட்டு வாசலில் போய் நின்றேன். கெஞ்சுவதற்கு இல்லை. சண்டைக்கு.

கதவைத் திறந்தார். வீட்டுக்குள் ஹெல்மெட் இல்லாமல் இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"இன்னா சார், நீ பெரிய ஆளா? ஸ்டெல்லா கடை சாண்ட்விச்சுல இன்னா குத்தம் கண்ட? உப்பா, காரமா? சொல்லிட்டு உள்ள போ."

"எந்தக் கடைக்கா? ஏரிக்குப் போற வழியிலயா?"

"அதேதான். என் மருமவ கடை."

அவர் என்னைக் கீழிருந்து மேலே பார்த்தார். "அன்னைக்குப் பாதி வாங்கிச் சாப்பிட்டது நீங்கதான?"

"ஆமா."

"நீங்க அந்தப் பிள்ளைக்கு மாமியாரா?"

"ஆமாய்யா, மாமியார்தான். அதுக்கின்னா இப்போ? இந்தா, என் எதிர்ல துன்னு. ருசியா இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் போயிகினே கீறேன்."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். சாண்ட்விச்சை வாங்கிக் கடித்தார். நன்றாக மென்றார். சுவரில் ஓர் அம்மாளின் படம், சந்தன மாலை போட்டிருந்தது.

"எப்டி கீது?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா? நாக்கு கீதுல்ல?"

"இருக்கு. வேலை செய்யல." அவர் மிச்சத்தைக் காகிதத்தின்மேல் மெதுவாக வைத்தார். "ஊரே முகமூடி போட்டுத் திரிஞ்சுச்சே, அப்ப எங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல். அவ போயிட்டா. நான் பிழைச்சு வந்தேன், மூக்கும் நாக்கும் வரல. மிளகாயைக் கடிச்சாலும் எரியுதுன்னுதான் தெரியும், மிளகாய்னு தெரியாது."

நான் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவரே சொன்னார். கல்யாணமான புதிதில் விருதுநகரிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களை முதன்முதலில் அழைத்த விசேஷம் பக்கத்து வீட்டு ஞானஸ்நானம். அந்த அம்மாள் அதுவரைக்கும் சாண்ட்விச்சைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்களாம்.

"'என்னங்க இது, இப்படி இருக்கு'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க மாத்தலாகிப் போயிட்டாங்க. அந்த ருசியத் தேடி ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மொபெட்ல கிளம்பிருவோம். ஒண்ணு வாங்குவோம், ஆளுக்குப் பாதி. நான் என் பாதியத் திங்கிறதுக்கு முன்னாடி அவ மூஞ்சியத்தான் பாப்பேன். கண்ண மூடினா நல்ல சாண்ட்விச். மூடலன்னா அடுத்த கடை. இப்ப அவ இல்ல. யார் மூஞ்சியவாவது பாக்கணும்ல?"

கோயில் ஹாலில் சோப்பு டப்பாவோடு ஏன் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அங்கே ஒரே தூசி.

"சரி, என் மூஞ்சியில இன்னா பாத்த?" என்று கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கருங்கல்லுக்கு எண்ணெய் தடவி வச்ச மாதிரி இருந்துச்சு."

"யோவ், என் மூஞ்சி அப்டித்தான்யா! எங்க ஊட்டுப் புள்ள செஞ்சத நாலு பேர் எதிர்ல நானே மெச்சிக்கினா கண்ணு பட்டுடாது?"

"அப்ப நல்லா இருந்துச்சா?"

 தலையை மட்டும் ஆட்டினேன். அந்த மனிதர் துள்ளி எழுந்தார். நான் பயந்து நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திவிட்டேன்.

"கேஜ் தப்பு! மாமியார் மூஞ்சிய வச்சு அளந்து ஃபெயில் போட்டுட்டேனே! அக்கா, ஃபாக்டரியில அளவு பாக்கிற கருவிக்கு கேஜுன்னு பேரு. கேஜே கோளாறுன்னு தெரிஞ்சா, அதால ஒதுக்கின சரக்க எல்லாம் மறுபடி எடுத்துப் பாத்தே ஆகணும். அதுதான் முறை. நாளைக்கு வர்றேன். நீங்க அதே நாற்காலியில இருக்கணும்."

"நான் எதுக்கு? வேற யாருக்காச்சும் குடேன்."

"கோளாறு கேஜைச் சரிபண்ணிட்டு, அதே கேஜ வச்சுத்தான் பாக்கணும்."

எழுபது வயதுக்கு மேல் என்னை ஒருவர் கோளாறு என்று சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஏரிக்கரையில் கூட்டம் அதிகம். பாதி சார் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். நடக்கிறவர்கள் நின்றுவிட்டார்கள். ஃபெயிலான கடைக்கு அவர் இரண்டாவது தடவை வந்ததே இல்லை. ஸ்டெல்லா ஈரத்துணியை விலக்கினாள். ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரெட் ஓரம் வெட்ட ஆரம்பித்தாள். திரும்பவே இல்லை. நாளைக்குத் திங்கட்கிழமை.

அவர் வெட்டினார். பாதியை என்னிடம் நீட்டினார். "முகத்தை விடுங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

விடு என்றால் விட்டுவிட முடியுமா? நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிடித்து வைத்திருக்கிற முகம் அது. புருஷன் செத்தபோதுகூட நாலு பேர் எதிரில் அது நழுவவில்லை. தாடை அப்படியே பூட்டிக்கிடந்தது. கண் படுமே என்று ஒரு பக்கம். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணின் தோள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது ஒரு பக்கம். இதைவிட எந்தக் கண் வந்து பட்டுவிடப் போகிறது?

கடித்தேன். வெண்ணெய் வந்தது, புதினா வந்தது, எலுமிச்சை வந்தது. மிளகாய் வருவதற்குள் என் கண் தானாக மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சிரித்தேன் என்று பின்னால் சொன்னார்கள். இருக்கலாம்.

"இன்னா பெர்சு, இப்டி சொக்கிப் போச்சு? எம்மா, எனக்கு ரெண்டு கட்டு!" என்று ஒரு குரல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். பாதி சார் தன் பாதியைத் தொடவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படித்தான்க்கா மூடுவா" என்றார். "அப்படியேதான்."

தன் பாதியையும் தின்றுவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்தார். விரலால் நீவி நீவி மடித்தார். பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் கூட்டம் எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தபோது கூட்டம்தான் தெரிந்தது. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பெட்டி காலியான பிறகு கேட்டாள்: "அத்தே, இன்னா சொன்னாரு?"

"பாஸாம்."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? பிரெட்டுக்குச் சொல்லி அனுப்பு, நாளைக்குப் பத்தாது."

திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குப் போகவில்லை. இன்றுவரைக்கும் போகவில்லை. இப்போது மாடிப்படி ஏறிப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு, இறங்கி வந்து என்னோடு சண்டையும் போடுகிறாள், மூச்சு வாங்காமல்.

பாதி சார் அதன்பிறகு வேறு கடைக்குப் போகவில்லை. தேடியது கிடைத்துவிட்டதே. காலையில் வருவார், வெட்டுவார், பாதி எனக்கு. நான் தின்பதைப் பார்த்துவிட்டுத் தன் பாதியைத் தின்பார். ஸ்டெல்லா அந்தப் பக்கம் பார்க்கும்போது மட்டும் நான் முகத்தை இறுக்கிக்கொள்வேன். அவர் சிரிப்பார். கொரட்டூர்க் கடைக்காரர் ஒருநாள் தேடிக்கொண்டு வந்து, "இன்னா அண்ணாத்தே, நம்ம கடைப் பக்கமே காணோம். பயம் வுட்டுப்போயி பசங்க மறுபடி நடுவுல காய் வைக்க மாட்டேன்றானுங்க" என்று புலம்பினார்.

போன வருஷம் அவருடைய மகள் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். தனியாக விடக்கூடாதாம். சரிதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும். "அக்கா, சாப்பிட்டீங்களா? இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" போனில் முகம் தெரியாது அல்லவா, வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன். புதினா இன்றைக்கு இளசு, எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், மிளகாய் கடைசியில் வந்து நின்றது, இந்தப் பெண்ணின் கைக்கு ஈடு கிடையாது என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஓசூரில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் நான் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவேன். மருமகள் காதில் விழுந்தால் என்னாவது?

ஏய் ஜெனி, எழுதினது போதும், மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. இங்க வேணாம், கடைக்குப் போயிப் படி. உங்கம்மா அந்தாண்ட திரும்பிகினு பிரெட் வெட்டிகினு கீறா. அவ காதுல வுழணும்னு நான் சொன்னேன்னு சொல்லாத. சொம்மா, சத்தமா படி.